இருபத்தொரு வாசல் கடந்த மீன்

வைகாசி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, காலைக் கஞ்சி குடித்துக் கழுவி வைத்ததற்கும் மதியத்துக்கு உலை வைப்பதற்கும் நடுவே கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில், வெண்மணல்துறை பண்டகசாலைத் தெருவில், வாசல் அறையில் உட்கார்ந்து தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த முபீனாவை ஒரு மீன் விழுங்கியது. மிஷினையும் விழுங்கியது, முக்காலியையும் விழுங்கியது, முக்காலிக்குப் பக்கத்தில் துண்டுத் துணிகளை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்த ஐந்து வயது மகள் சஹ்லாவையும் விழுங்கியது. கடல் அங்கிருந்து நாலு தெரு தள்ளி இருக்கிறதே, மீன் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்க நேரமும் இருக்கவில்லை, ஏனென்றால் ஐந்து நிமிஷத்துக்கெல்லாம் சஹ்லா மீன் வாய் வழியாக இறங்கி அடுத்த வீட்டு ஹபீபா லாத்தா வாசலில் போய் நின்றாள்.

"பெரியம்மா, உம்மாவ மீன் முழுங்கிருச்சு. கொஞ்சம் மல்லித்தழை இருந்தாத் தரச் சொன்னாங்க."

"யாரையெல்லாம் முழுங்குச்சு?"

"என்னையும் உம்மாவையும். அப்புறம் மிஷினையும்."

"மிஷினையுமா?" ஹபீபா லாத்தா முக்காட்டை இழுத்துக்கொண்டு எழுந்தாள். "அடிப்பாவி, என் ரெண்டு ஜாக்கெட்டு அதுக்கடியிலதான கெடக்கு!"

மீன் முபீனா வீட்டு வாசலை ஒட்டித் தெருவின் நீளவாக்கில் படுத்திருந்தது. வால் பள்ளிவாசல் பக்கம், தலை பள்ளிக்கூடத்துப் பக்கம். சாம்பல் நிறம். தொட்டால் சில்லென்று இருந்தது. மீன்காரர்கள் வந்து பார்த்து, சீலா இல்லை, பாறை இல்லை, சுறாவும் இல்லை என்று சொல்லிவிட்டு, இன்ன மீன் என்று சொல்லத் தெரியாத வெட்கத்தில் பேச்சை மாற்றினார்கள். ஜமாஅத்து ஆட்கள் இஞ்ச் டேப்பால் அளந்து, ஆட்டோ போக வழி இருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டார்கள். ஒருத்தர் மட்டும், மீன்தானே, ஹலால்தானே, அறுத்து ஊருக்குப் பங்கு வைத்தால் என்ன என்றார். உள்ளே முபீனா இருக்கிறாளே என்று சொன்னதும், சரி சரி, சும்மா கேட்டேன் என்று போய்விட்டார். ஊர்ப் பூனைகள் முழுக்க வந்து சுற்றிச் சுற்றி மோந்து பார்த்தன. மீன் வாடை இல்லை. மழை பெய்து ஓய்ந்தபின் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தால் வருமே, அந்த வாடைதான் வந்தது. பூனைகள் ஏமாந்து கலைந்தன.

மீனைப் பற்றிப் பெரிதாக ஆச்சரியப்படாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஆறு மாதமாகவே முபீனா எதற்குள்ளோ மாட்டிக்கொண்ட மாதிரிதான் இருந்தாள். தர்கா கந்தூரிக் கூட்டத்தில் ஒரு நாள் சஹ்லாவின் கை நழுவிப்போய், அசர் தொழுகைக்குப் பின்னால் தொலைந்த பிள்ளை பொழுது அடைந்து மஃரிப் பாங்கு சொன்ன பிறகுதான் பந்தல் துணிக் குவியலுக்குள் தூங்கியபடி கிடைத்தாள். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, தூங்கி எழுந்து சோறு கேட்டாள். தாய்க்குத்தான் அன்றிலிருந்து, பிள்ளை கண்ணுக்கு மறைந்தால் நெஞ்சு படபடவென்று அடித்து, கை மரத்து, தொண்டையில் பஞ்சை வைத்து அடைத்த மாதிரி மூச்சு நின்று நின்று வந்தது. ராமநாதபுரத்து டாக்டரம்மா நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நெஞ்சு நன்றாக இருக்கிறது, இது பதட்டம், மாத்திரையை விடாமல் போடுங்கள், மாதம் ஒருமுறை வந்து பேசிவிட்டுப் போங்கள் என்றார். முபீனா மாத்திரையை விடாமல் போட்டாள். ஆனால் தூக்கம் மட்டும் வரவில்லை. கண்ணுக்குக் கீழே கரி பூசினது போலாகி, பேசும்போதே பாதியில் பேச்சை மறந்து, அப்படியே ஓடியது ஆறு மாதம். ஆகவே மீன் வந்து விழுங்கியபோது தெருவுக்கு ஒரு வகையில் நிம்மதியாகக்கூட இருந்தது. இப்போது காட்டிச் சொல்ல ஒன்று இருக்கிறதல்லவா.

மீனின் விதி ஒன்றே ஒன்றுதான், முதல் நாளே எல்லாருக்கும் விளங்கிவிட்டது. யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், வெளியே வரலாம்; முபீனா மட்டும் வர முடியாது. அவள் பக்கத்தில் வந்தாலே வாய், வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்துக் கடை ஷட்டர் போலக் கடகடவென்று இறங்கிவிடும். நடந்து வந்து பார்த்தாள், மாமியாரின் முதுகைக் கட்டிக்கொண்டு வந்து பார்த்தாள், தவழ்ந்தும் வந்து பார்த்தாள். மூன்று தடவையும் ஷட்டர் இறங்கியது. மல்லித்தழைக்குப் போய்வந்ததோடு சஹ்லாவின் ஊர்சுற்றலும் முடிந்தது: முபீனா தன் துப்பட்டாவின் ஒரு முனையைப் பிள்ளையின் கவுன் நாடாவோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டாள். அந்த முடிச்சோடு பிள்ளை மீன் வாய் வரைக்கும் போகலாம், தெருவைப் பார்க்கலாம். அதைத் தாண்டி ஒரு சாண் போக முடியாது.

இன்னும் மூன்று வாரத்தில் பள்ளிக்கூடம் திறக்கிறது. சஹ்லாவை ஒண்ணாம் வகுப்பில் சேர்த்துப் பெயர் எழுதியாகிவிட்டது. பள்ளிக்கூடம் தெருவின் கடைசியில், முபீனா வீட்டிலிருந்து இருபத்தொரு வாசல் தள்ளி. பிள்ளை அங்கே போவாளா, தாய் விடுவாளா என்பதுதான் மாமியார் ஜெய்லானி பீவிக்கு ஒரே கவலை. மீனைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

"மீனு கெடக்குது, அது பாட்டுக்கு" என்றார், ஸ்டவ்வையும் அரிசிப் பானையையும் உள்ளே தூக்கி வைத்தபடி. "பள்ளிக்கூடந் தெறக்குற அன்னைக்கு அந்த முடிச்ச அவுப்பியா, அத மட்டும் சொல்லு."

"அவுக்கணும் மாமி."

"அவுக்கணும்னு எனக்குந் தெரியும். அவுப்பியா?"

முபீனா முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள்.

வெள்ளிக்கிழமை அவள் புருஷன் நிஜாம் தூத்துக்குடியிலிருந்து வந்தான். அங்கே செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை, வாரத்துக்கு ஒரு நாள்தான் லீவு. மீனைச் சுற்றி ஒருமுறை நடந்தான், உள்ளே வந்தான், சுவரைத் தட்டிப் பார்த்தான், "புழுக்கமா இருக்கே" என்றான். வீட்டுக்குள்ளிருந்து ஒயரை இழுத்து, செவுள் வழியாக உள்ளே விட்டு, ஒரு பல்பும் டேபிள் ஃபேனும் போட்டுக் கொடுத்தான். அவனால் முடிந்தது அதுதான், அதைச் சுத்தமாகச் செய்தான். போகும்போது மகளின் கவுன் நாடாவைத் தொட்டுப் பார்த்தான், முடிச்சைத் தொட்டுப் பார்த்தான், இரண்டு பேர் தலையையும் தடவிவிட்டுப் பஸ் ஏறினான்.

ஃபேன் வந்ததும் ஜூன் மாத வேலையும் வந்துவிட்டது. தெருவில் சஹ்லாவைத் தவிரப் பள்ளிக்கூடம் போகும் பெண்பிள்ளைகள் இருபத்து மூன்று பேர், தையல்காரி ஒருத்தி. அவள் மீனுக்குள் இருக்கிறாள் என்பதற்காகப் பிள்ளைகள் பழைய கவுனோடா போவார்கள்? தாய்மார்கள் நீலத் துணியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செருப்பைக் கீழுதட்டுக்கு வெளியே கழற்றிப் போட்டுவிட்டு, பிஸ்மி சொல்லி வலது காலை உள்ளே வைத்து வந்தார்கள்.

"மீனுக்குள்ள இருந்தா என்ன, கை ரெண்டும் இருக்குல்ல" என்றாள் ஹபீபா லாத்தா, தன் பேத்திகள் இரண்டு பேருக்கும் அளவு கவுனைக் கொடுத்து. "ஓரம் நல்லா உள்ள தள்ளி அடி, வளர்ற புள்ளைங்க. அந்த ஜாக்கெட்ட மறந்துறாத."

அளவு கொடுத்துவிட்டு யாரும் சும்மா போகவில்லை. போகிற போக்கில் ஒவ்வொருத்தியும் ஒரு துஆவைச் சொல்லிவிட்டுப் போனாள். படபடப்புக்கு என் சின்னம்மா இதைத்தான் ஓதுவாள், சுபுஹுக்குப் பின்னால் ஏழு தடவை என்றாள் ஒருத்தி. கவலை நீங்க மஃரிபுக்குப் பின்னால் நூறு தடவை இது என்றாள் இன்னொருத்தி. தண்ணீரில் நாற்பத்தொரு தடவை ஓதி ஊதி மூன்று மிடறாகக் குடி, நெஞ்சில் கை வைத்து முப்பத்து மூன்று, படுக்கும்போது பதினொன்று, எழும்போது மூன்று. எல்லாம் நல்ல துஆதான், எல்லாம் அன்பாகச் சொன்னதுதான். முபீனா யார் மனதும் நோகக்கூடாதென்று எல்லாவற்றையும் ஜாக்கெட் அளவு எழுதும் நோட்டின் பின் பக்கத்தில் வரிசையாக எழுதி வைத்தாள். ஒரு வாரத்தில் இரண்டு பக்கம் நிறைந்தது. அத்தனையும் ஓதி முடிக்க ஒரு நாளில் ஐந்து மணி நேரம் வேண்டும். கவுன் தைக்க வேண்டும், பிள்ளைக்குச் சோறு ஊட்ட வேண்டும், ஐந்து வேளை தொழ வேண்டும். விட்டுப்போன துஆக்கள் மறுநாளுக்குச் சேர்ந்தன, மறுநாளும் விட்டுப்போய் அதற்கடுத்த நாளுக்கு மலையாய்ச் சேர்ந்தன. நோட்டைத் திறந்தாலே நெஞ்சு அடித்துக்கொண்டது. பதட்டம் போக்கும் துஆக்களைப் பார்த்துப் பதட்டம் வந்தது என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அப்படிச் சொல்வதே குற்றமோ என்று அதற்கும் கொஞ்சம் பயந்தாள்.

தொழுவதற்கு முதலில் கிப்லாத் திசை தெரியவில்லை. பெண்கள் மதரஸாவில் ஓதிக் கொடுக்கும் ரிஸ்வானா ஆலிமா, முபீனாவைவிட ஆறு வயது இளையவள், போனில் திசை காட்டும் படத்தை வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். மீனுக்குள் அந்த முள் பம்பரமாய்ச் சுற்றியது. கடைசியில் சஹ்லாதான் முடிச்சு இழுக்கும் தூரம்வரை போய், வாயிலிருந்து வெளியே எட்டி, வால் பக்கத் தெருக்கோடியில் பள்ளிவாசல் மினாராவைப் பார்த்து, "இந்தப் பக்கம் மினாரா, அப்ப நம்ம வீட்டுல மாதிரி அந்தப் பக்கம் தொழணும்" என்று கை காட்டினாள். ஆலிமா போனை அணைத்துவிட்டு அந்தத் திசையில் பாயை விரித்தாள்.

இரண்டாவது வாரம் தெருப் பெண்கள் கூடி முடிவெடுத்தார்கள். மீன் வயிற்றில் அகப்பட்டவளுக்கு யூனுஸ் நபி மீன் வயிற்றில் ஓதிய துஆவைத் தவிர வேறு என்ன இருக்கிறது? அதை ஒன்றேகால் லட்சம் தடவை ஓதி முடித்தால் மீன் கக்கிவிடும். பெரிய கஷ்டத்துக்கெல்லாம் அந்த ஊரில் அப்படித்தான் கூட்டமாக உட்கார்ந்து எண்ணி ஓதுவார்கள். கோடையில் புளி உடைத்த வீடுகளிலிருந்து புளியங்கொட்டை மூட்டை மூட்டையாக வந்தது. மீனின் பக்கத் துடுப்பு விரிந்து விழுந்த நிழலில் பாய் போட்டு இருபத்தைந்து பெண்கள் உட்கார்ந்தார்கள், ஆளுக்கு ஐயாயிரம். ஒரு தடவை ஓதி ஒரு கொட்டையை ஓதாத குவியலிலிருந்து எடுத்து ஓதிய குவியலில் போட வேண்டும். சிலர் நிதானமாக ஓதினார்கள். சிலர் மிக்ஸி ஓடுகிற வேகத்தில் ஓதினார்கள். நடுநடுவே தேத்தண்ணி வந்தது, சமோசா வந்தது, யார் வீட்டுச் சம்பந்தம் முறிந்தது என்ற பேச்சும் உதடு அசையாமல் வந்தது. உள்ளேயிருந்து முபீனா அந்த முணுமுணுப்பைக் கேட்டபடியே தைத்தாள். அத்தனை பேர் தனக்காக உட்கார்ந்திருக்கிறார்களே என்ற நன்றியில் கண் கலங்கியது. அத்தனை பேர் ஓதியும் மீன் கக்காமல் போனால் என்ன முகத்தோடு நிற்பது என்ற நினைப்பில் கை மரத்தது.

மூன்றாவது நாள், எண்பதாயிரம் தாண்டியபோது, மீன் தும்மியது. பலமான தும்மல்கூட இல்லை, ஆனாலும் புளியங்கொட்டை முழுக்க எழும்பித் தெருவெல்லாம் சிதறி, ஓதியதும் ஓதாததும் ஒன்றாகக் கலந்துவிட்டது.

"மொதல்லருந்து ஓதணும்" என்றாள் ஒருத்தி.

"எதுக்கு மொதல்லருந்து? உத்தேசமா ஒரு எண்பதாயிரம்னு வச்சுக்குவோம்."

"உத்தேசமா ஓதுறதுக்கு இதென்ன உப்புப் போடுறதா?"

"ஓதுனது அல்லாவுக்குத் தெரியும்" என்றாள் ரிஸ்வானா ஆலிமா.

"அல்லாவுக்குத் தெரியும், ஆலிமா" என்றாள் ஹபீபா லாத்தா, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து. "ஆனா என் முட்டிக்குத் தெரியலயே!"

சிரித்துவிட்டார்கள். சிரிப்போடு சிரிப்பாகக் கொட்டைகளைக் கூட்டிச் சாக்கில் அள்ளினார்கள். யாரும் மறுபடி உட்காரவில்லை. அவர்களுக்கும் வீடு இருந்தது, உலை இருந்தது, அயர்ச்சி இருந்தது. மீன் இருந்த இடத்திலேயே இருந்தது.

அன்று மதியம் முபீனா சஹ்லாவுக்குச் சோறு ஊட்டினாள். பிள்ளை வாயில் சோற்றை அடக்கிவைத்து, கதை சொன்னால்தான் விழுங்குவேன் என்றது. முபீனாவுக்குக் கதை சொல்லத் தெம்பில்லை. இருக்கிற இடத்தில் இருக்கிற கதையைச் சொன்னாள். யூனுஸ் நபி ஊர்க்காரர்களோடு கோபித்துக்கொண்டு கப்பலேறிப் போனார்கள், கடல் பொங்கியது, கப்பல்காரர்கள் நபியைத் தண்ணீரில் போட்டார்கள், பெரிய மீன் விழுங்கியது. உள்ளே ராத்திரியின் இருட்டு, கடலின் இருட்டு, மீன் வயிற்றின் இருட்டு. அங்கிருந்து அல்லாவைக் கூப்பிட்டார்கள்: நீதான் இருக்கிறாய், வேறு யாரும் இல்லை, நீ தூய்மையானவன், நான்தான் எனக்கே அநியாயம் செய்துகொண்டேன்.

"எத்தன தடவ கூப்பிட்டாங்க?"

"தெரியல. ம், முழுங்கு."

"ஒடனே மீன் துப்பிருச்சா?"

"இல்ல. கரைக்கு வந்துதான் துப்புச்சு."

"ஏன் ஒடனே துப்பல? அல்லாதான் கேட்டுட்டான்ல?"

"நடுக்கடல்ல துப்புனா முங்கிற மாட்டாங்களா? கேட்டதனாலதான் பத்திரமா உள்ள வச்சு, கரை வரைக்கும்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். உருட்டிய சோறு கையிலேயே இருந்தது. சஹ்லா வாயைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள், பிறகு அலுத்துப்போய்த் தாயின் கையைத் தானே பிடித்து இழுத்து அந்தச் சோற்றைத் தின்றாள்.

கையைக் கழுவிக்கொண்டு முபீனா மிஷினில் உட்கார்ந்தாள். அளவு நோட்டை மூடி, ஹபீபா லாத்தாவின் ஜாக்கெட் துணிக்கு அடியில் வைத்தாள். எண்ணவில்லை. மிதியை முன்பாதம் அழுத்தும்போது மூச்சை உள்ளே இழுத்தாள், குதிகால் அழுத்தும்போது மெதுவாக விட்டாள், விடுகிற மூச்சோடு அந்தத் துஆவையும் விட்டாள். வாய் சொன்னதை மனம் கேட்டதா என்றுகூடச் சோதிக்கவில்லை. சோதிக்கவும் தெம்பில்லை. ஒரு கவுனின் பக்கத் தையல் முழுக்க அப்படியே போனது, கழுத்துப்பட்டி போனது, பாவாடை மடிப்பு போனது. வெளியே ஹபீபா லாத்தாவின் குரல் கேட்டது:

"ஏ ஜெய்லானி! ஒம் மருமக மீனு எங்க வீட்டு வாசலுக்கு வந்துருச்சு! என் கதவத் தெறக்க முடியல!"

மீன் ஒரு வாசல் நகர்ந்திருந்தது.

அன்றிலிருந்து தெருவுக்கு அதுவே வேலையாகிவிட்டது. முபீனா மிதித்தபடி ஓதினால் மீன் நீந்தியது, வேகமாக அல்ல, நாளுக்கு மூன்று வாசல், நான்கு வாசல், தார் ரோட்டில் தண்ணீரில்லாமலே வயிற்றை உரசி, நீந்துகிற மாதிரி வாலை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு. அவள் பதறி மூச்சு அறுந்தால் நின்றது. ஜமாஅத்து ஆட்கள் மூங்கில் கம்பால் கரண்டுக் கம்பியைத் தூக்கிப் பிடித்தார்கள். நிஜாமின் ஒயர் எட்டாமல் போனதும், எந்த வாசலில் மீன் நிற்கிறதோ அந்த வீட்டு ஜன்னலிலிருந்து கரண்டு கொடுப்பது என்று யாரும் பேசி வைக்காமலே வழக்கமானது. கரண்டோடு குழம்பும் வந்தது. வாசல் அடைபட்ட வீட்டுக்காரர்கள் கொல்லை வழியாகப் போய்வந்தார்கள். நிழல் விழுந்த வீட்டுக்காரர்கள் மீனோரமாகக் கட்டிலைப் போட்டு மதியம் படுத்தார்கள். ஏழாவது வாசலில் ஒரு பெண்ணுக்கு வளைகாப்பு, மீன் நகராமல் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள், முபீனா அன்று கையால் பட்டன் மட்டும் தைத்தாள். பள்ளிக்கூடத்துச் செல்வராணி டீச்சர் சேர்க்கை நோட்டோடு வந்து உள்ளே எட்டிப் பார்த்து, "எங்க கேட்டு பத்தடிதாம்மா, மீன் உள்ள நுழையாது, வெளியவே நிப்பாட்டிக்கங்க" என்று சொல்லிப் போனார்.

சனிக்கிழமை மதியம் இருபதாவது வாசலில் மீன் நின்றது. இருபத்து மூன்று கவுனும் முடிந்திருந்தன, ஹபீபா லாத்தாவின் ஜாக்கெட்டுகளும் முடிந்திருந்தன. ஒன்றே ஒன்று பாக்கி. சஹ்லாவுக்கு வெட்டி வைத்த நீலத் துணி, வெட்டிய மடிப்பு கலையாமல், மிஷின் பெட்டிக்குள் கிடந்தது. ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் தைத்தவள் அதை மட்டும் தொடவில்லை. வெறும் மிஷினை மிதித்துப் பார்த்தாள், மீன் அசையவில்லை. ஹபீபா லாத்தாவின் ஜாக்கெட்டைப் பிரித்து மறுபடி தைத்துப் பார்த்தாள். மீன் அதற்கும் ஏமாறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் சோதனைக்காக மணி அடித்துப் பார்த்தார்கள். அந்தச் சத்தம் ஒரே வாசல் தள்ளியிருந்து வந்து முபீனாவின் நெஞ்சில் விழுந்தது. அப்படியொரு படபடப்பு இதற்கு முன் வந்ததில்லை. கை மரத்தது, முழங்கை வரை மரத்தது, சுவர்கள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்தன, தொண்டைப் பஞ்சு ஈரப் பஞ்சாய் இறுகியது, இதோ இப்போதே உயிர் போகிறது, மௌத்து என்று தோன்றியது. பாயில் உட்கார்ந்தாள். நோட்டில் இருந்த ஒரு துஆவும் நினைவுக்கு வரவில்லை. இத்தனை நாளாக மிதியோடு ஓதிய துஆகூட முதல் சொல்லோடு அறுந்துவிட்டது. சஜ்தாவில் நெற்றியை வைத்தாள். அங்கேயே கிடந்தாள்.

"யா அல்லா" என்றாள், வெறும் தமிழில், பக்கத்து வீட்டு ஆளிடம் பேசுவதுபோல. "என்னால முடியல. அவளப் பாத்துக்கிறேன் பாத்துக்கிறேன்னு ஒரு நிமிஷம் கண்ண மூடல நான். அன்னைக்குப் பந்தல் துணிக்குள்ள கெடந்தாளே, அப்ப அவளப் பாத்துக்கிட்டது நானா? இல்லயே. நீதான. நீயே பாத்துக்க. நான் அசந்துட்டேன்."

பயம் போய்விடவில்லை, அது ஒரு பெரிய ஆள்போலப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. ஆனால் மூச்சு, நெற்றி தரையில் பட்டிருந்ததாலோ என்னவோ, இறங்குவதற்கு ஒரு வழி கண்டுபிடித்து இறங்கியது. இன்னொன்று இறங்கியது. அறுந்துபோன துஆ தானாக வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

சஹ்லா கவுன் நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "உம்மா, சஜ்தாவுல தூங்கிட்டியளா?"

"இல்லம்மா." முபீனா எழுந்தாள். முகம் நனைந்திருந்தது. முடிச்சு மூன்று வாரத்தில் இறுகிக் கல்லாகியிருந்தது, நகத்தால் முடியவில்லை, பல்லால் இழுத்து அவிழ்த்தாள். "தள்ளி நில்லு. ஒன் அளவு சரியா இருக்கான்னு பாக்கணும்."

அன்று முழுக்க அந்த ஒரு கவுன்தான். மிதிக்கு ஒரு மூச்சு, மூச்சுக்கு ஒரு துஆ. தையல் நேராக வரவில்லை. ஊரில் யாருக்கும் அவ்வளவு கோணலாக அவள் தைத்ததில்லை. பொழுது சாய்வதற்குள் மீன் இருபத்தொன்றாவது வாசலைத் தாண்டி, பள்ளிக்கூடக் கேட்டுக்கு வெளியே மணலில் தலையை வைத்துப் படுத்தது.

திங்கட்கிழமை காலை தெருவே கேட்டில் நின்றது. இருபத்து மூன்று நீலக் கவுனும் உள்ளே போயின. இருபத்து நான்காவதாக, பக்கத் தையல் கோணிய கவுனோடு, எண்ணெய் தேய்த்து இரட்டைச் சடை போட்ட சஹ்லா கீழுதட்டிலிருந்து குதித்து இறங்கினாள், திரும்பிப் பார்த்தாள்.

"போயிட்டு வரட்டா?"

"போயிட்டு வா" என்றாள் முபீனா. குரல் நடுங்கியது, ஆனால் வந்தது.

பிள்ளை போனாள், கேட்டுக்குள் மறைந்தாள். முபீனா உள்ளேயிருந்து அந்தக் கேட்டைப் பார்த்தபடி மூச்சை இழுத்தாள், விட்டாள், இழுத்தாள், விட்டாள். அவள் மீன் வாய்க்கு வெகு அருகில் நின்றாள். ஷட்டர் இறங்கவில்லை.

"தெறந்துதான் இருக்கு! வெளிய வாடி!" என்றாள் ஹபீபா லாத்தா.

"வர்றேன் லாத்தா. அஞ்சு நிமிஷம்." முபீனா திரும்பிப் போய் முக்காலியில் உட்கார்ந்து மிஷின் பலகையில் தலையைச் சாய்த்தாள். சாய்த்தவள் அப்படியே தூங்கிப்போனாள், ஆறு மாதத் தூக்கம், வாய் திறந்து, குறட்டையோடு. ஜெய்லானி பீவி உதட்டில் விரலை வைத்துக் கூட்டத்தைப் பார்த்தார். செல்வராணி டீச்சர் பிள்ளைகளை மெதுவாகப் பாடச் சொன்னார். ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடிப்பதை விட்டுவிட்டார்கள்.

பதினொரு மணி வாக்கில் மீன், தாலாட்டுக்காரி தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுக்கிற பக்குவத்தோடு, முபீனாவை மணலில் இறக்கிவைத்தது. மிஷினையும் முக்காலியையும் பக்கத்திலேயே வைத்தது. பிறகு ஏலக் கொட்டகைச் சந்து வழியாகக் கடல் பக்கம் போயிற்று. நிறைய பேர் பார்த்தார்கள். யாரும் கூப்பாடு போடவில்லை, அவள் விழித்துவிடுவாள் என்று.

வெயில் ஏறியது. கரையில் கக்கப்பட்ட யூனுஸ் நபிக்கு அல்லாஹ் ஒரு சுரைக்கொடியை நிழலுக்கு முளைக்க வைத்தான். பள்ளிக்கூட வாசல் மணலில் சுரைக்கொடி முளைக்கவில்லை. ஹபீபா லாத்தா வீட்டுக்குப் போய்த் தன் கறுப்புக் குடையை எடுத்து வந்து, விரித்து, முபீனாவின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள். மற்றவர்கள் மாற்றிப் பிடிக்க வந்தபோது கொடுக்கவில்லை. முட்டி வலித்தபோது காலை மாற்றினாள், கை வலித்தபோது கையை மாற்றினாள்.

சாப்பாட்டு மணி அடித்தது. சஹ்லா தட்டோடு கேட்டுக்கு வந்தாள், மீன் இல்லாததைப் பார்த்தாள், குடைக்குக் கீழே உம்மாவைப் பார்த்தாள்.

"பெரியம்மா, உம்மாவ எழுப்பட்டா?"

"எழுப்புன, தொடையில கிள்ளிப்புடுவேன்" என்றாள் ஹபீபா லாத்தா, சத்தம் இல்லாமல். "போ. போய்ச் சோத்தத் தின்னுட்டு மத்தவங்களோட உள்ள போய் உக்காரு. சாயங்காலம் ஒங்க உம்மா இங்கதான் இருப்பா."

சஹ்லா கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். முபீனா தூக்கத்தில் புரண்டு படுத்தாள். குடையும் கூடவே நகர்ந்தது.